வராத சுளுக்குக்கு வந்த வைத்தியம்

இந்த வருஷம் ஒரு கோஸைக்கூடத் தொடமாட்டேன் என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான். என் மனைவி ஓக்ஜு வேறு முடிவு செய்யும்வரை அது மாறவே மாறாது.

நவம்பர் கடைசி வந்தால் எங்கள் சுன்ச்சோன் ஊரே குளிர்காலத்துக்குக் கிம்ச்சி என்கிற கோஸ் ஊறுகாய் போட உட்கார்ந்துவிடும். எங்கள் குடும்பத்தில் உட்காருகிறவர்கள் பெண்கள். நடக்கிறவன் நான். கோஸை இறக்கு, உப்புத் தண்ணீரில் போடு, எடு, அலசு, பிழி, அடுக்கு. ஓக்ஜுவின் அக்கா வீட்டில், அவர்களுக்கும் சேர்த்துப் போடுவதால் கோஸ் மலைபோல் வரும். போன வருஷம் வேலை முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். என் முதுகு மட்டும் எழவில்லை. அடுத்த வாரம் முழுக்க என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களின் மூக்கை நான் கீழேயிருந்துதான் அளவெடுத்தேன்.

இந்த வருஷமோ கிம்ச்சி போடும் அதே சனிக்கிழமை, என் நண்பன் கப்சிக், கடலுக்குப் போகப் படகு பேசி வைத்திருந்தான். குட்டி ஆக்டோபஸ் பிடிக்க. மத்தியானம் கிளம்பவேண்டும்.

ஆகவே காலையில் எனக்குச் சுளுக்கிக்கொண்டது.

கலைநயத்தோடு சுளுக்கிக்கொண்டேன். லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில், விழுவதற்கென்றே படியில் இறங்கினேன். முதலில் கையிலிருந்த பிளாஸ்டிக் தொட்டியை உருட்டிவிட்டேன். அது எனக்காக நாலு படி விழுந்து சத்தம் போட்டது. பிறகு கடைசிப் படியில் பத்திரமாக உட்கார்ந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ!" என்றேன்.

மனைவி வருவாள், "சரி, படுத்துக்கிடங்க, நாங்க அக்கா வீட்டுக்குப் போறோம்" என்பாள் என்பது என் கணக்கு. வந்தது என் மகள் போமி. கையில் சிவப்புப் பை.

பதினாலு வயது. பள்ளிக்கூடத்து முதலுதவிக் குழுவில் சேர்ந்திருந்தாள். போன வாரம் தீயணைப்பு நிலையத்து அதிகாரி முன்னால் செய்து காட்டவேண்டிய பரீட்சை. பயிற்சிப் பொம்மை முன்னால் முட்டிபோட்டவளுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. கைகள் உறைந்துவிட்டன. பின்னால் யாரோ சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதற்குப் போகவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அசையாதீங்க! பதறாதீங்க! என் பேரு போமி. நான் முதலுதவி கத்துக்கிட்டிருக்கேன். உங்களுக்கு உதவி செய்யலாமா?"

"நீ போமின்னு எனக்குத் தெரியும்மா."

"அப்படித்தான் கேக்கணும்ப்பா. செய்யலாமா, வேணாமா?"

அவள் குரல் நடுங்கியது. கண் மட்டும் பளபளத்தது. பொம்மை இல்லை, நிஜ ஆள்! இந்த முகத்தைப் பார்த்து 'சும்மா சொன்னேன்' என்று எந்த அப்பன் சொல்வான்? "செய்யும்மா" என்றேன். மாட்டிக்கொண்டேன்.

தோளில் சாய்த்து வீட்டுக்குள் கொண்டுவந்தாள். குளிருக்காகச் சூடேற்றிய தரையில் படுக்கவைத்தாள். தலையணைகளை அடுக்கிக் காலைத் தூக்கி வைத்தாள். துணியில் சுற்றிய ஐஸை வைத்தாள். நான் அலறினேன். அந்த ஒரு அலறல் மட்டும் நிஜம். பிறகு கட்டுப் போட்டாள். கல்யாணம் கட்டியதிலிருந்து எனக்குப் பல கட்டுப்பாடுகள் உண்டு. இப்படி ஒரு கட்டு மட்டும் கண்டதில்லை.

ஓக்ஜு கையில் ரப்பர் உறையோடு வந்து நின்றாள். என் காலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ரப்பர் உறையைக் கழற்றினாள்.

"ரொம்ப வலிக்குதா, போமி அப்பா?"

"உயிர் போகுது."

"அம்மா, வீக்கமே இல்ல. ஆனா உயிர் போற மாதிரி வலிக்குதாம். எலும்பா இருக்கலாம். 119-ல ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுரலாமா?"

"வேணாம்! அவ்வளவு வலி இல்ல."

"அப்பாடா!" என்றாள் ஓக்ஜு. "அப்ப எழுந்து வாங்க, கோஸ் காத்துக்கிட்டிருக்கு."

"ஐயோ, ஆ!"

"போமி, போனை எடு."

"குறையுதும்மா, குறையுது!"

"குறைஞ்சா கோஸ். கூடினா ஆம்புலன்ஸ். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"நடுவுல இருக்கு" என்றேன் பரிதாபமாக.

"நடுவுல இருந்தா நடு வீட்டுலயே இருங்க. கால்தானே போச்சு, கை நல்லாத்தானே இருக்கு?" அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, அவரால அங்க வர முடியாது. கோஸை இங்க கொண்டு வந்துரு. ஆமா, எல்லாத்தையும். உட்கார்ந்தபடி மசாலா தடவட்டும்."

கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரிப்பு. மடியில் தொட்டி. நிறைய மிளகாய் மசாலா. போமி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கட்டைத் தளர்த்தி, கால்விரல் நுனியை அழுத்தி ரத்தம் ஓடுகிறதா பார்த்தாள். தப்பாகச் சுற்றியதை அவளே கண்டுபிடித்து அவிழ்த்து மறுபடி சுற்றினாள். மூன்றாவது தடவை கட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குக் கோபம் பாதி, பெருமை பாதி.

பசி முழுசு.

"போமி, ஒரு வாய் சோறு..."

"கூடாதுப்பா. எலும்பா இருந்து ஆபரேஷன் பண்ண வேண்டியிருந்தா? டாக்டர் பாக்குற வரைக்கும் வாயில எதுவும் வைக்கக் கூடாது."

"தண்ணியாவது?"

"உதட்டை நனைச்சு விடறேன்."

அக்கா கோஸ் பெட்டிகளைக் கீழே இறக்கிவிட்டுப் போனபோது ஒரு தட்டும் கொடுத்திருந்தாள். சோயா மாவில் புரட்டிய, பசைபோல் ஒட்டும் அரிசிக் கொழுக்கட்டை. அது சாப்பாட்டு மேஜைமேல் இருந்தது. நான் தரையில் இருந்தேன். நடுவில் என் மானம் இருந்தது.

ஓக்ஜு கடைசிக் கோஸ் பெட்டியை எடுக்கக் கீழே போனாள். போமி ஐஸ் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். நான் தலையணைகளை விட்டு எழுந்தேன். பூனைபோல நடந்தேன். கொழுக்கட்டையில் பெரிதாகப் பார்த்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் போன் அலறியது. கப்சிக்! சத்தம் கேட்டு போமி வருகிறாள். முழுசாக வாயில் போட்டு விழுங்கினேன்.

இறங்கவில்லை.

மூச்சு உள்ளே போகவில்லை. வெளியே வரவில்லை. இருமப் பார்த்தேன், சத்தமே இல்லை. மேஜையைத் தட்டினேன். கண்ணில் நீர் கட்டி, வீடு மங்கலாகிவிட்டது.

போமி சமையலறை வாசலில் நின்றாள். கையில் ஐஸ். அப்படியே உறைந்து நின்றாள். போன வாரம் நின்ற மாதிரியே. நான் அவளையே பார்த்தேன். என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

ஐஸ் தரையில் சிதறியது.

"அப்பா! பேச முடியுதா?"

முடியவில்லை என்று தலையை ஆட்டினேன். என்னை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள். மறுபடி. மறுபடி. அசையவில்லை. பின்னால் வந்து இடுப்பைச் சுற்றிக் கைகளைப் போட்டாள். தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஒரே இழுப்பு. இன்னொன்று. என் தொப்பையைச் சுற்றி அந்தச் சின்னக் கைகள் எப்படி எட்டினவோ தெரியாது. மூன்றாவது இழுப்பில் கொழுக்கட்டை பறந்தது. பெட்டியோடு உள்ளே வந்துகொண்டிருந்த ஓக்ஜுவின் காலடியில் போய் விழுந்தது.

நான் மூச்சை இழுத்த சத்தம் எனக்கே விசில்போலக் கேட்டது.

ஓக்ஜு பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். போமி அழுதாள். நானும் அழுதேன். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்ததால் நான் கொஞ்சம் அதிகமாகவே அழுதேன்.

"மறக்கலப்பா" என்று விம்மினாள் போமி. "எதுவுமே மறக்கல."

அவள் தலையைத் தடவியபடி ஓக்ஜு மெதுவாகச் சொன்னாள். "நிக்கிறீங்க."

"ஆமா."

"ரெண்டு கால்லயும்."

குனிந்து பார்த்தேன். ஆமாம், ரெண்டு கால்தான்.

"பயத்துல சிலருக்கு வலி மறந்துபோகும்மா. எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க" என்றாள் போமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நிஜமாகச் சொன்னாளா, கிண்டலா? தெரியவில்லை. முகத்தை அப்படியே அவள் அம்மாபோல வைத்திருந்தாள்.

வயிற்றை அப்படி இழுத்தால் டாக்டர் பார்த்தே ஆகவேண்டும் என்றாள் போமி. தெருக்கோடி ஆஸ்பத்திரிக்கு மூவரும் போனோம். நடந்துதான். டாக்டர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். பசி இருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து சாப்பிட்டேன். பிறகு எல்லாக் கோஸுக்கும் மசாலா தடவினேன். கப்சிக் படகில் நின்று எடுத்த படம் அனுப்பியிருந்தான். நான் திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் போமியைக் கூட்டி வர ஓக்ஜு போனாள். கதவு திறப்பதற்கு முன்பே, "அப்பா, பாஸ்!" என்ற சத்தம் வந்தது. அவளைத் தூக்கிச் சுற்றினேன். அன்று எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

"அந்த அதிகாரிக்குத்தான் ஒரு குறை" என்றாள் ஓக்ஜு, கோட்டைக் கழற்றியபடி.

"என்ன குறை?"

"பிள்ளைங்க பொம்மையை வச்சே பழகுறாங்களாம். பொம்மை முனகாதாம், அடம் பிடிக்காதாம். அடிபட்டவன் மாதிரி நடிக்க ஒரு ஆள் கிடைச்சா நல்லதுன்னார்."

"பாவம், யாராவது கிடைப்பாங்க."

"கிடைச்சாச்சு. குளிர்காலம் முழுக்க, சனிக்கிழமை தவறாம வருவார்னு சொல்லிட்டேன்."

"ஓக்ஜு! சனிக்கிழமை நானும் கப்சிக்கும்..."

"எந்தக் கால்ல அடின்னு கேட்டார்" என்றாள் அவள். "ரெண்டுலயும்னு சொல்லி வச்சிருக்கேன்."