மைதா மூட்டை மேல் ஒரு அட்மிஷன்

நாம் பார்க்காதபோது ஓர் இடம் எப்படி இருக்கும் என்பதை எப்படிப் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. தெரியும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த நினைப்பில்தான் ஒரு ஜூன் மாத மழையில், பெட்டி ஆட்டோவின் பின்பக்கம், மைதா மூட்டைகளுக்கு நடுவே தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேரூர்க்கடை வரைக்கும் போனேன். நான் பி.ஏ. வரலாறு. (ஒற்றர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவர்கள் மாட்டிக்கொண்ட பக்கங்களைப் பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன்.)

என் மகள் கோமதி அந்த வருடம்தான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொன்னால் புரிவது அவளுக்குப் பல தடவை சொன்னால்தான் புரியும். அதற்கு டாக்டர் ஒரு பெயர் வைத்திருந்தார், சொந்தக்காரர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துப் பரீட்சை எழுதிப் பாஸாகிவிட்டாள். எதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு எவ்வளவு நேரமானாலும், ஒன்றை மட்டும் யாராலும் கற்றுக்கொடுக்க முடியவில்லை. பொய் சொல்ல அவளுக்கு வராது.

பத்தாவது வரை எனக்குக் கவலை இருந்ததே தவிர குழப்பம் இருந்ததில்லை. ஒன்பதுக்கு அப்புறம் பத்து. பத்துக்கு அப்புறம் என்ன என்று கேட்டபோது ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தம்பானூரில் ஒரு டுட்டோரியல்காரர், "பிளஸ் டூவுக்குப் பேரைக் குடுத்தாப் போதும் கேட்டோ, பாஸ் நம்ம பொறுப்பு, மோள் கிளாசுக்கு வரணும்னுகூட இல்லை" என்றார். வராத பிள்ளையை எப்படிப் பாஸாக்குவார் என்று அன்று முழுக்க யோசித்தேன். என் கணவரின் அக்கா, "எதுக்கு இந்தப் பாடு? ஒரு நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுத்துரு" என்றார். கோமதி உடனே, "அத்தே, உனக்குக் கெடச்சது நல்ல எடமா?" என்று கேட்டாள். (அத்தையின் கணவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.)

மிச்சம் இருந்தது பேரூர்க்கடைப் பக்கத்தில் ஒரு தொழிற்பயிற்சி மையம். கோமதியைப் போன்ற பிள்ளைகளுக்கு ரொட்டி, பன், பிஸ்கட் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரே ஓர் இடம்தான் காலி. நானும் கணவரும் கோமதியும் போய்ப் பார்த்தோம். வாசலில் ரோஜாப்பூ கொடுத்தார்கள். படிய வாரிய தலையோடு பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். தட்டு நிறைய பிஸ்கட் வந்தது. பொறுப்பாளர் லீலா டீச்சர் சிரித்த சிரிப்பு கடைசிவரை இறங்கவே இல்லை. அவர் மலையாளி. எங்களிடம் தமிழ் மாதிரி ஒன்றைப் பேசினார். நாங்கள் அவரிடம் மலையாளம் மாதிரி ஒன்றைப் பேசினோம்.

"மோள் எல்லாம் தனியே செய்யுமோ?" என்று கேட்டார்.

கோமதி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தலைகூட அவளே பின்னிக்குவா டீச்சர். பஸ்ஸில தனியாப் போவா."

கோமதி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அவளுக்கே அது புதுச் செய்தி.

"சனிக்கிழமை நாங்க முடிவு சொல்லாம். நீங்களும் ஆலோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு. அந்த டீச்சர் சிரிக்கிறதே சரியில்ல."

நான் பிறவிச் சந்தேகக்காரி. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பேன். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார் என்பேன். போதாக்குறைக்கு வாழ்க்கைப்பட்டதும் சாலைக் கடைத்தெருவில். எங்களுக்கு அங்கே அரிசி, மாவு மொத்த வியாபாரம். எங்கள் தெருவில் யாரும் மூட்டையின் வாயைப் பார்த்துச் சரக்கு வாங்குவதில்லை. நல்ல அரிசியை மேலே கொட்டி வைப்பது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. அதனால் நுனி கூர்மையாகவும் நடுவில் குழிவாகவும் உள்ள ஓர் இரும்புக் கம்பியை மூட்டையின் அடிப்பக்கம் குத்தி எடுப்பார்கள். குழிவில் வந்து விழுவதுதான் உண்மையான அரிசி.

"நாம பாத்தது மூட்டை வாய். நல்ல அரிசிய மேல வச்சுக் காட்டறாங்க" என்றேன்.

"அப்ப அடியில குத்திப் பாரு" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். ஒரு பேச்சுக்குச் சொன்னார். பிறகு ஏதோ ஞாபகம் வந்து, "அங்க மைதா நம்ம கடையிலருந்துதான் போகுது. வெள்ளிக்கிழமை சுகுமாரன் போவாரு. அவருட்ட கேளு" என்றார்.

சுகுமாரன் அண்ணன் கடையின் பெட்டி ஆட்டோ ஓட்டுபவர். கேட்டேன். "நல்ல ஸ்தலமாக்கும் சேச்சி. போனா சாயா தரும், சூடு பன்னும் தரும்" என்றார். பன் வாங்கித் தின்கிறவர் சாட்சி செல்லாது என்று தள்ளிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூட்டைகளோடு நானும் ஏறினேன். யாராவது கேட்டால் மைதாவில் வண்டு இருக்கிறதா என்று பரிசோதிக்க வந்த கடை ஆள் என்று சொல்வதாக ஏற்பாடு. ஆதாரத்துக்குக் குத்துக் கம்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். (மைதாவை யாரும் அப்படிக் குத்திப் பார்ப்பதில்லை என்று அப்புறம் சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.) கோமதியைத் தனியாக வீட்டில் விட முடியாததால் அவளையும் ஏற்றிக்கொண்டேன்.

"அம்மா, எங்க போறோம்?"

"மூட்டைக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கப் போறேன். நீ மாமாகூட ஆட்டோவிலயே இரு. யாரு கேட்டாலும் ஒண்ணும் சொல்லாத."

"யாரும் கேக்கலேன்னா சொல்லலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் அங்கேயே இறங்கித் திரும்பியிருக்க வேண்டும்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை எவ்வளவு இழுத்தும் அது மூட்டைக்குத்தான் போதுமானதாக இருந்தது. நான் சேலையோடு குளித்து முடித்தபோது மையத்தின் பின்வாசல் வந்துவிட்டது. சுகுமாரன் அண்ணன் மூட்டைகளைச் சரக்கறைக்குள் சுமந்து போட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டேன். அவர் கடைசி மூட்டையை இறக்கிவிட்டுச் சாயா குடிக்கப் போனார். வாட்ச்மேன் வந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

வெளியிலிருந்து.

கத்தலாமா என்று யோசித்தேன். ஒற்றர்கள் கத்துவதில்லை. சுவரின் மேல்பக்கத்தில் காற்றுக்காக வைத்த ஒரு திறப்பு இருந்தது. அதன் வழியே பேச்சுக் குரல்கள் வந்தன. வந்த காரியத்தையாவது பார்ப்போம் என்று மூட்டை அடுக்கின் மேல் ஏற ஆரம்பித்தேன். ஈரச் சேலை காலைச் சுற்றிக்கொண்டது. பிடிமானத்துக்காக மேல் மூட்டையில் குத்துக் கம்பியைச் செருகி, அதைப் பிடித்துக்கொண்டு எழும்பித் திறப்பில் கண்ணை வைத்தேன்.

நான் நினைத்தது சரியாக இருந்தது! ரோஜாவும் இல்லை, பாட்டும் இல்லை. நீளமான மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் நின்று மாவு உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மேசையில் தலை வைத்துத் தூங்கினான். ஒரு பெண் விசும்பி விசும்பி அழுதாள். லீலா டீச்சர் தலை கலைந்து, முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லாமல், "அடுப்பை அடைக்கடா, சூடெல்லாம் போகுது!" என்று அலறிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். (பெற்ற பிள்ளைக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டதில் ஒரு தாய் சந்தோஷப்பட்டதை வேறு எங்கும் நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள்.)

அப்போது அந்த அறையின் கதவைத் தள்ளிக்கொண்டு கோமதி உள்ளே வந்தாள்.

அவள் நேராக அழுகிற பெண்ணிடம் போனாள். "இவ ஏன் அழறா?"

"அவளுக்க பன் கரிஞ்சு போயி" என்றார் டீச்சர், திரும்பிப் பார்க்காமல். பிறகு பார்த்தார். "கோமதியா? மழை நனைஞ்சல்லோ. தலையைத் துடைச்சிட்டுக் கையைக் கழுகிட்டு வா."

எப்படி வந்தாய், யாரோடு வந்தாய், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் நான் கெஞ்சிக் கூத்தாடினாலும் கை கழுவாத என் மகள் போய்க் கழுவிவிட்டு வந்தாள். டீச்சர் ஓர் உருண்டை மாவை அவள் முன்னால் வைத்து, ஒருமுறை உருட்டிக் காட்டிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

எந்த வேலையைத் தொடங்கினாலும் என்னைத் திரும்பிப் பார்ப்பது கோமதியின் வழக்கம். சரியா என்று கண்ணால் கேட்பாள். நான் தலையாட்ட வேண்டும். அன்றும் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். நான் இல்லை. பிறகு குனிந்து மாவை உருட்ட ஆரம்பித்தாள்.

என்னையும் அறியாமல் நான் தலையாட்டினேன். இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முன்னால் சாய்ந்தேன். என் முழுப் பாரத்தையும் கம்பி தாங்கியது, மூட்டை தாங்கவில்லை. பர்ரென்று மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. கம்பி, மைதா, நான், இந்த வரிசையில் கீழே போய்ச் சேர்ந்தோம்.

கதவைத் திறந்த வாட்ச்மேன் பார்த்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். நனைந்த உடம்பில் மைதா அப்பி, பாதி பிசைந்த மாவாக ஓர் உருவம். கையில் கூரான இரும்பு. "டீச்சரே, கள்ளி! கையில ஆயுதம்!" என்று கத்திவிட்டு, அவசரத்தில் கதவை மறுபடியும் சாத்திக்கொண்டார், தன்னையும் உள்ளே வைத்து.

டீச்சர் வந்தார். பின்னால் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். தூங்கினவன்கூட எழுந்து வந்துவிட்டான். கண்ணைத் தவிர எல்லாம் வெள்ளையாக நான் எழுந்து நின்று, ஏற்பாட்டின்படி, "கடையிலருந்து வரேன். மைதாவில வண்டு இருக்கான்னு..." என்று தொடங்கினேன்.

"அது எங்க அம்மா" என்றாள் கோமதி.

"அம்மையா?"

"ஆமா. மூட்டைக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்க வந்தா. இங்க நல்ல அரிசிய மேல வச்சுக் காட்டறீங்கன்னு அம்மா சொன்னா. டீச்சர் சிரிக்கிறது சரியில்லேன்னு சொன்னா."

நிலம் பிளந்து என்னை விழுங்கவில்லை. மைதா அவ்வளவு வழுக்கியும் நான் அங்கேயேதான் நின்றேன். கோமதிக்குக் கிடைக்க இருந்த ஓர் இடத்தை என் கையாலேயே குத்திக் கிழித்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது.

லீலா டீச்சர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கோமதியிடம் திரும்பி, "மோளே, உனக்குத் தலை பின்னறது ஆரு?" என்று கேட்டார்.

"அம்மா."

"பஸ்ஸில தனியே போவியா?"

"போனதே இல்ல. போவேன்னு அம்மாதான் சொன்னா."

"அப்ப சேச்சியும் மேல கொஞ்சம் நல்ல அரிசி வச்சிருந்தது, அல்லே?" என்றார் என்னிடம். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மைதாதான் உள்ளே போனது.

"ஆளு வரும்போது நானும் சிரிக்கும், பிள்ளைகளும் பாடும். மத்த நேரம் நீங்க பார்த்த இதுதான். இனி மோளிடம் கேக்கட்டே. கோமதி, உனக்கு இங்கே வரணுமா?"

அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. டுட்டோரியல்காரர் கேட்கவில்லை, அத்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கோமதி வழக்கம்போல நிதானமாக யோசித்தாள். நான் இருந்த இருப்பை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"நான் வரேன்" என்றாள். "அம்மா வரண்டாம்."

முதலில் சிரித்தது, சற்றுமுன் அழுதுகொண்டிருந்த அந்தப் பெண்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சனிக்கிழமை அந்த இடம் கோமதிக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். கூடவே ஒரு நிபந்தனை: அம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொள்ள வேண்டும். பயிற்சிக் காலம் முழுக்க நானும் அந்த வாட்ச்மேனும் கேட்டின் இரண்டு பக்கங்களில் நின்று ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது எங்கேயாவது கிளம்பினால், "நான் போறேன், அம்மா வரண்டாம்" என்பதுதான் விடை பெறும் வார்த்தை. கணவர் கடைக்குப் புறப்படும்போதும் அதையே சொல்கிறார். சுகுமாரன் அண்ணன் மழை நாளில் எதிரே வந்தால், "சேச்சி, ஏறுந்நோ?" என்று வண்டியை நிறுத்துகிறார்.

கோமதி பயிற்சி முடித்துவிட்டாள். தலையை அவளே பின்னிக்கொள்கிறாள். (வகிடு கோணலாக இருக்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை.) கரமனையில் ஒரு பேக்கரிக்காரர் அவளை வேலைக்குக் கேட்கிறார். லீலா டீச்சர், இன்னும் ஒரு வருடம் கேக் படித்துவிட்டுப் போகட்டும் என்கிறார். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வந்தேன். டீச்சர் சிரிக்காமல் சொன்னார். பேக்கரிக்காரர் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, ரொம்பவே சிரித்தார். அந்தப் பேக்கரிக்கு ஒரு பின்வாசல் இருக்கிறது. மைதாவும் எங்கள் கடையிலிருந்துதான் போகிறது.

வேலையா, படிப்பா என்று கோமதியிடமே கேட்டேன். "பாத்துட்டுச் சொல்றேன்" என்று தினமும் தனியாக பஸ் ஏறிப் போய் இரண்டு இடத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்ன பார்க்கிறாள் என்று எனக்குச் சொல்வதில்லை. அவள் பார்ப்பதை நான் எப்படிப் பார்ப்பது, அல்லது பார்க்காமல் எப்படி வீட்டில் உட்கார்ந்திருப்பது? இதில் அனுபவம் உள்ள பெற்றோர் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். கொஞ்சம் சுற்றி வளைத்தே எழுதுங்கள். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை எழுத்துக்கூட்டி, தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகப் படிப்பது கோமதிதான்.