குப்பியும் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்

தாகத்தில் நாக்கு வறண்டாலும் தண்ணீருக்குப் பரீட்சை வைத்துவிட்டுத்தான் குடிப்பேன் என்று வாழ்ந்த மனிதன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் எங்கள் கிள்ளை ஊர்க்காரன். பெயர் குப்பி.

அண்ணாமலை நகரில் படித்துவிட்டு, இறால் குளத்துத் தண்ணீரைச் சோதிக்கும் கடை வைத்திருந்தான். சட்டைப் பை நிறையச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். நடந்தால் சலங்கை கட்டிய மாட்டுவண்டி மாதிரி சத்தம் வரும். சொந்தப் பெயர் அவனுக்கே நினைவிருந்ததா, சந்தேகம்தான்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. ரசத்தில் கலர் பேப்பரை நனைத்துப் பார்த்து, "புளிப்பு ஜாஸ்தி மாமா. இறாலா இருந்தா இந்நேரம் செத்து மெதந்துரும்" என்றான். சமையல்காரர் கரண்டியோடு துரத்தினார். கடலூரில் பெண் பார்க்கப் போன இடத்தில், கொடுத்த தண்ணீரைக் குப்பியில் ஊற்றி, மருந்து சொட்டுவிட்டுக் குலுக்கினான். பெண் நின்று பார்த்தாள். "ரிசல்ட் வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் மூன்று குளத்துக்கு முதலாளி. மூன்றும் நானே வெட்டியவை. அந்த ஐப்பசியில் மூன்றிலும் இறால் அறுவடைக்குத் தயாராக நின்றது. அப்போது பிடித்தது மழை. குளத்துத் தண்ணீர் கரை விளிம்பைத் தொட்டது. அழுக்கு அடியில்தானே தங்கும்? "மதகுல அடிப்பலகைய உருவுங்கடா!" என்று நான் கத்தவும், குப்பி நனைந்தபடி ஓடிவந்து மதகின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"எந்திரிடா!"

"மாட்டேன் மாமா. இத பாருங்க."

நீளக் கழியில் குப்பியைக் கட்டி, மேலே ஒன்று, அடியில் ஒன்று மொண்டான். இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். மேல்தண்ணீர் சப்பென்று இருந்தது. அடித்தண்ணீர் நல்ல உப்பு.

"மழைத்தண்ணி மெதக்குது. அடிப்பலகைய உருவுனா உப்பெல்லாம் ஓடிரும். மிச்சம் இருக்குற மழைத்தண்ணியில எறா எப்படிப் பொழைக்கும்? மேப்பலகைய மட்டும் எடுங்க."

எடுத்தோம். மழை விட்டதும் வலை போட்டுப் பார்த்தோம். துள்ளிய துள்ளலில் ஒன்று என் மூக்கிலேயே அடித்தது.

அவனை வீட்டுக்கு இழுத்துப் போனேன். என் வீட்டுக்காரி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீரில் கொஞ்ச நாளாகவே மருந்து வாடை. "கொளத்து மருந்த தொட்டியில கழுவுறீங்களா?" என்று தினமும் எனக்குத்தான் திட்டு. குப்பியோ சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், டெஸ்ட் பண்ணலியா?"

"தெனம் பண்றேனே மாமா. கொளத்துக்குப் போற வழியில உங்க தொட்டியத் தொறந்து பாப்பேன். கிருமி இருந்துச்சு. சொன்னா, 'நாப்பது வருஷமா இதத்தான் குடிக்கிறேன்'னு மார தட்டுவீங்க. அதான் நானே பிளீச்சிங் பவுடர் போட்டுட்டு வரேன்."

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் சொம்பைப் பார்த்தேன்.

இப்போது அவன் ஆந்திராப் பக்கம் யார் குளத்து மதகிலோ உட்கார்ந்திருக்கிறான். எந்த ஊரில் தண்ணீர் குடித்தாலும் அந்த மருந்து வாடை அடித்தால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நான் இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடிக்கிறேன்.