தொலைநோக்கிக்கு நான் வைத்த பொட்டு

தானாகப் படித்து முன்னேறியவனிடம் ஒரு குறை நிரந்தரமாகத் தங்கிவிடும்: எளிதான பொருளை எளிதாக இருக்கவிட அவனுக்கு மனம் வராது. நானும் அவ்வகையினனே என்பதை இந்த எழுபத்திரண்டாம் வயதில் ஒப்புக்கொள்கிறேன்.

நெடுந்தீவிலுள்ள எங்கள் ஆரம்பப் பாடசாலைக்குக் கல்வித் திணைக்களத்திலிருந்து இரண்டு தொலைநோக்கிகள் வந்தன. மேசையில் வைத்து, நிலவின் பக்கம் திருப்பி, கண்ணை வைத்தால் போதும்; ஐந்து வயதுப் பிள்ளையும் கையாளலாம். கூட்டுறவுக் கடை முகாமையாளராக ஓய்வுபெற்றவனாயினும் வானியல் நூல்களைத் தனியே கற்றவன் என்பதால், அவற்றை நிறுவும் பொறுப்பை அதிபர் அம்மையார் என்னிடம் ஒப்படைத்தார். நானோ பதினேழு விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முதலாம் விதி: மாணவர் தொடலாகாது. (பதினேழாம் விதியும் அதுவே.)

சரசுவதி பூசை நாளான வாணி விழாவன்று திணைக்கள அதிகாரி ஒருவர் வந்து, பிள்ளைகள் அவற்றைப் பயன்படுத்துவதைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குத் திருப்தி ஏற்படாவிட்டால் கருவிகள் யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலை ஒன்றுக்குப் போய்விடும். அவர் இருட்டுமுன் கடைசிப் படகைப் பிடிக்கவேண்டியவர். ஆயினும் வளர்பிறை நிலவு பிற்பகலிலேயே கிழக்கில் தெரியும் நாள் அது. ஆகவே நான் கவலையற்றிருந்தேன்.

காலையில் பூசை. புத்தகங்களுக்கும் மணிக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. தொலைநோக்கிக்கு எங்கே வைப்பது? பொட்டு முகத்துக்கு உரியது. கருவியின் முகம் அதன் கண்ணாடி. இவ்வாறு தர்க்கித்து, முன்கண்ணாடிகளின் நடுவே தாராளமாகச் சந்தனம் அப்பினேன். கண் வைக்கும் பக்கம் மனவருத்தப்படக்கூடாதென்று அதன் விளிம்பைச் சுற்றிக் குங்குமம்.

பிற்பகல் அதிகாரி குனிந்து பார்த்தார்.

“ஒண்டும் தெரியேல்லையே, ஐயா?”

நிமிர்ந்தபோது அவரது வலக்கண்ணைச் சுற்றிச் செக்கச்சிவந்த வளையம். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டனர். நான் நிதானம் இழக்காமல் சால்வை நுனியால் கண்ணாடிகளைத் துடைத்தேன். சந்தனம் சமமாகப் பரவியது.

“இப்ப நிலவு தேங்காப்பால் சொதிக்குள்ளை விழுந்தமாதிரிக் கிடக்கு,” என்று அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். “குறை நினையாதேங்கோ. இதுகள் அங்காலை போனால் பிரயோசனப்படும்.”

பிள்ளைகளின் சிரிப்பு அக்கணமே நின்றது.

அப்போது இரண்டாம் வகுப்புத் திரேசா முன்னே வந்தாள். அவளுடைய தந்தை சங்கு குளிப்பவர்.

“ஐயா, உரஞ்சாதேங்கோ! அப்பான்ரை சுழியோடுற கண்ணாடியை உரஞ்சினால் எனக்கு அடி விழும். நல்ல தண்ணி ஊத்திக் கழுவோணும்.”

“முதலாம் விதிப்படி...” என்று தொடங்கினேன்.

“விதியைப் பிறகு பாப்பம், ஐயா,” என்ற அதிபர், தமது குடிநீர்ப் போத்தலை நீட்டினார். “பிள்ளை, நீர் கழுவும்.”

அவள் கழுவினாள்; பஞ்சால் ஒற்றினாள்; தானே திருப்பிக் கண்ணை வைத்தாள்.

“ஐயோ, நிலவு முழுக்கக் குழி! எங்கடை றோட்டு மாதிரி!”

அதன்பின் என் பதினேழு விதிகளும் மிதிபட்டன. அதிகாரி மீண்டும் பார்க்க விரும்பியபோது, “சேர், வரிசையிலை வாங்கோ!” என்று முதலாம் வகுப்பு அதட்டியது. அவர் வரிசையில் நின்றார், பார்த்தார், பின்னர் சிவந்த கண்ணோடு இறங்குதுறைக்கு ஓடினார். கருவிகள் எங்களிடமே தங்கின.

விதித்தாளை நானே கிழித்தெடுத்தேன். இருபது ஆண்டுகள் வானத்தைப் படித்தவன், அதைப் பிறருக்குக் காட்டுவதைவிட அதை அறிந்தவனாக நிற்பதையே விரும்பியிருக்கிறேன். அதைக் கண்டுகொள்ளத் தொலைநோக்கி தேவைப்படவில்லை.

இன்றும் நான் பத்திரிகையும் மூக்குக்கண்ணாடியுமாகக் கம்பீரமாக அமர்ந்தால், குசினியிலிருந்து மனைவியின் குரல் வரும்:

“இஞ்சருங்கோ, பொறுங்கோ, சந்தனம் கொண்டு வாறன்!”

எழுந்துபோய், கண்ணாடியை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்து வாசிக்கிறேன்.