விரதம் பிடிக்கும் லூனா

ஆசாரசீலர்களில் பல வகை உண்டு. இங்கே பேச்சு நாய் வளர்க்கும் ஆசாரசீலரைப் பற்றியது. இவர் வெள்ளிக்கிழமையில் நாய்க்கு இறைச்சி போடமாட்டார். சோறும் பருப்பும்தான். போட்டதோடு விட்டாரா? கோயில் வாசலில் சொல்வார், கலியாண வீட்டுப் பந்தியில் சொல்வார், ரயிலில் பக்கத்தில் சும்மா இருந்த மனிதரைப் பிடித்துவைத்து, அவர் இறங்கவேண்டிய இடம் தாண்டும்வரை சொல்வார்: "எங்கட வீட்டிலை நாயும் வெள்ளியிலை மச்சம் தொடாது!"

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில் இருக்கிற யோகராசா இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய மகன் லதீசன் ராகவியைக் கட்ட ஆசைப்பட்டான். ராகவியின் தாய் தங்கேஸ்வரியோ, வெள்ளி செவ்வாய் பார்க்கிற வீடென்றால்தான் மேற்கொண்டு பேச்சு என்று ஒற்றைக்காலில் நின்றார். யோகராசா கலங்கினாரா? நாயிருக்கப் பயமேன்!

ஒரு வெள்ளி மாலை தங்கேஸ்வரியை ஒஸ்லோக் கடலோரத்தில் ஓர் உயர்தர வைன் உணவகத்துக்கு அழைத்துப்போனார், தன் நாய் லூனாவோடு. நாய்களையும் மரியாதையாக உள்ளே விடுகிற இடம் அது. வைன் பட்டியலே தலையணைப் பருமன். அங்கே பரிமாறுகிறவள் தன்னைப் பெயர் சொல்லி வரவேற்பதைச் சம்பந்தியாக வரப்போகிறவர் காணவேண்டும் என்பது அவருடைய ஆசை. பெயர் தெரிந்தவளுக்கு வாய் ருசியும் தெரிந்திருக்குமே என்பது மனிதருக்கு உறைக்கவில்லை.

"பாருங்கோ தங்கச்சி, சுத்திவர இறைச்சி மணம். இந்தச் சீவன் திரும்பிப் பாக்குதோ?"

லூனா திரும்பிப் பார்க்கவில்லைத்தான். அது வந்ததிலிருந்து சமையலறைக் கதவையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. பரிமாறுகிற மேரின் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, சதை ஒட்டிய பெரிய மாட்டெலும்பை நாய்க்கு முன்னால் வைத்தாள்.

"லூனாவின் வழமையான வெள்ளிக்கிழமைச் சாப்பாடு!" என்றாள் நொர்வேஜிய மொழியில். "யோகராசா, உங்களுக்கும் வழமைபோல ஆட்டுத்தொடைதானே?"

தங்கேஸ்வரி முதியோர் இல்லத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அந்த மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"வாயில்லாச் சீவன், தங்கச்சி," யோகராசா தடுமாறினார். "அதுக்கென்ன கிழமை தெரியும்?"

"அப்ப நாய்தானோ அண்ணை உங்களைக் கையிலை பிடிச்சு இஞ்சை கூட்டிக்கொண்டு வாறது?"

மகனின் கலியாணத்தைத் தன் நாக்கே கெடுத்துவிட்டதென்று யோகராசாவுக்கு விளங்கியது.

"ஓம், நான் சாப்பிடுறனான்தான். பெடியன் உண்மையிலேயே தொடமாட்டான். என்ரை வாய்க்காக அவன்ரை காரியத்தைக் கெடுத்துப்போடாதேங்கோ."

கீழே லூனா எலும்பை நொறுக்கிக்கொண்டிருந்தது. தங்கேஸ்வரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"ஆட்டுத்தொடை நல்லா அவிஞ்சிருக்குமோ?"

"பஞ்சு மாதிரி!"

"அப்ப எனக்கும் ஒண்டு சொல்லுங்கோ. ராகவிக்கு மட்டும் தெரியவேண்டாம். பாவம், நான் சொன்னதுக்காகத்தான் பிள்ளை சின்னனிலையிருந்து வெள்ளி பிடிக்குது."

அந்த இடத்திலேயே சம்பந்தம் கலந்தாயிற்று.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள், உங்கள் பக்திக்கு அங்கே யார் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று.