முப்பத்திரண்டும் ஒரிஜினல்

உயிரே போனாலும் மூச்சு மெஷினின் மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குவதில்லை என்று குகதாசன் சபதம் செய்தார். ஆம்பிளை என்றால் குறட்டை வரத்தான் செய்யும் என்பது அவர் கட்சி. குறட்டை கிடக்கட்டும், நடுநடுவே மூச்சு நின்றுபோகிறதே என்பது டாக்டரின் கட்சி.

போன வாரம் தண்ணீர்மலைப் பக்கம் சிவப்பு விளக்கில் காடியை நிறுத்தியவர், பச்சை விழுந்தும் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு குறட்டை விட்டார். ஊரே ஹார்ன் அடித்து எழுப்பியது. பக்கத்தில் இருந்த மனைவி புஷ்பராணி சாவியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"வைத்தியம் பாத்துக்கிட்டு வாங்க. அப்புறம் சாவி."

சாவியில்லாத குகதாசன் பல் பிடுங்கிய பாம்பாகிவிட்டார். பாலிக் புலா தோட்டங்களில் டுரியான் பழம் விழத் தொடங்கிய நேரம் வேறு; காடி இல்லாமல் எப்படிப் போய்ச் சாப்பிடுவது? எதிர்வீட்டு சிக்கந்தரிடம் ஓசிச் சவாரி கேட்பதா? அந்த அவமானத்துக்கு டாக்டரே தேவலை என்று மனைவியோடு கிளம்பினார்.

"மெஷின்தான் பெஸ்ட்," என்றார் டாக்டர். "வேணாம்னா ரெண்டு வழி. ஒண்ணு, பல் டாக்டர் செஞ்சு தர்ற கிளிப். மேல்பல்லு, கீழ்ப்பல்லு ரெண்டுலயும் மாட்டினா தாடைய முன்னால இழுத்துப் பிடிக்கும். இன்னொண்ணு ஆப்பரேஷன். தொண்டையில தொங்குற சதைய வெட்டணும். ரெண்டுமே எல்லாருக்கும் சரிவராது."

"கிளிப்பே போதுங்க, கத்தி வேணாம் லா," என்றாள் புஷ்பராணி. "பல் டாக்டர் காமினிகிட்ட நானும் கூட வர்றேன்."

குகதாசனுக்கு வியர்த்துவிட்டது. காரணம், அவருடைய மேல்வரிசை முழுக்கக் கட்டின பல் செட்டு. சங்கக் கூட்டம் என்று மனைவியிடம் புளுகிவிட்டு, புக்கிட் மெர்தாஜாமில் போய் ரகசியமாகக் கட்டிக்கொண்டது. அதை வைத்துக்கொண்டுதான் கல்யாண வீடுகளில் "முப்பத்திரண்டும் ஒரிஜினல்!" என்று சிரிப்பார். சிக்கந்தருக்கு முன்பல் விழுந்தபோது அவர் அடித்த கிண்டலில், அந்த மனிதர் ஒரு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"கிளிப்பெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்!" என்று சீறினார் குகதாசன். "வெட்டட்டும்! பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்துடுவேன்."

"நெஜமாவா?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

புஷ்பராணி நர்ஸைப் பார்த்துத் திரும்பினாள். "ஏன் மிஸ்ஸி, மயக்க மருந்து குடுக்கறப்போ நகையெல்லாம் கழட்டணும் இல்ல?"

"ஆமாக்கா. நகை, கண்ணாடி, பல் செட்டு இருந்தா அதையும் கழட்டி வீட்டுக்காரம்மா கையிலயே குடுத்துடுவோம்."

குகதாசனின் வீரம் அங்கேயே பல்லிளித்தது. இந்தப் பக்கம் போனாலும் பல், அந்தப் பக்கம் போனாலும் பல். அவருக்கு அழுகையே வந்தது.

"யோசிச்சுப் பாத்தேன்," என்று செருமினார். "மெஷினே வாங்கிக்கலாம். கத்தின்னா நீ பயப்படுவே. உனக்காகத்தான்."

"எனக்காகவா? உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுங்க!"

மெஷின் வீட்டுக்கு வந்தது. ஒரு பொம்பளையை எவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்ற பூரிப்போடு குகதாசன் சாவிக்குக் கை நீட்டினார். புஷ்பராணி ஒரு கையில் சாவியை வைத்தாள். மறு கையில் ஒரு மூடி போட்ட டப்பாவை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"பல் செட்டப் போட்டு வைக்க. இத்தன வருஷமா நீங்க விடுற குறட்டையில தலகாணியில வந்து விழுறத, கழுவிக் கழுவி உங்க வாயில மாட்டியே எனக்குத் தூக்கம் போச்சு லா!"