எல்லாருக்கும் வேண்டியவர்

உலகத்தில் முதலாளி, தொழிலாளி என்று இரண்டே இனம்தான் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை பல்லாவரம் பக்கம் வந்து போகலாம். நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. எல்லாருக்கும் வேண்டியவர்! அடிபட்டவனுக்கு இவர் அண்ணன், அடிபட விட்டவருக்குத் தம்பி. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு மயக்கம் தெளிவதற்குள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகக் கட்டிலருகே நின்று, "நடந்தது நடந்துபோச்சு" என்று முதலில் சொல்பவர் யாரோ, அவரே இவர்.

குரோம்பேட்டை லக்ஷ்மிநாராயணனையே எடுத்துக்கொள்ளுங்கள். செருப்புக்குத் தோல் வெட்டும் சின்னக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவர். வேலை வேகமாக நடக்கட்டும் என்று தடுப்பைக் கழற்றி வைத்திருந்த பிரஸ் மெஷின், ஒருநாள் அதில் தோல் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளி அசாரின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. ஓடிவந்து தன் துண்டால் கையைச் சுற்றியவர் இவர். ஆட்டோ பிடித்தவர் இவர். ஆஸ்பத்திரியில் டாக்டர், "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது, வேலையில் என்றால் போலீஸ் வரும், மெஷின் நிற்கும், ஆர்டர் போகும், எட்டுக் குடும்பம் தெருவுக்கு வரும், அந்த எட்டில் தன் குடும்பமும் ஒன்று என்பதையெல்லாம் ஒரே மூச்சில் யோசித்து முடித்து, "வீட்ல கிரைண்டர்ல மாட்டிக்கிச்சு டாக்டர்" என்றவரும் இவரே.

பொய் என்கிறீர்களா? சேச்சே. அவர் அகராதியில் அதற்குப் பெயர் அட்ஜஸ்ட்மென்ட்.

அசாரின் மனைவி ஷபீனா நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டபோதுதான், ஆஸ்பத்திரிச் சீட்டில் கிரைண்டர் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. நேரே கம்பெனிக்கு வந்தாள்.

"எங்க வூட்ல கிரைண்டரே கெடையாது சார். மாவு பாக்கெட்டுதான் வாங்கினு கீறோம். கவர்மென்ட் குடுத்த டிவி ஒண்ணு கீது. டிவில மாட்டிக்கிச்சுன்னு சொல்லியிருந்தாலும் ஒரு நியாயம் இருந்திருக்கும்."

அன்றிலிருந்து லக்ஷ்மிநாராயணனுக்குத் தூக்கம் போயிற்று. பொய் சொன்னதற்காக அல்ல, அது அரைகுறையாக நிற்கிறதே என்றுதான். அடுத்த வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அசார் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே புத்தம்புது கிரைண்டர்.

"முதலாளிக்கு மனசே ஆறலைம்மா. புள்ளைங்களுக்கு இட்லி சுட்டுக் குடு."

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அசார் நிமிர்ந்து பார்த்தான்.

"பில்லு இன்னா தேதி அண்ணா? எனக்கு அடிபடறதுக்கு முந்தின தேதியா?"

பில்லில் முன்தேதி போட்டுத் தரக் கடைக்காரர் மறுத்த வருத்தத்தில் ஏற்கெனவே இருந்த லக்ஷ்மிநாராயணன், இதைக் கேட்டு உண்மையாகவே மனம் நொந்தார். நல்லது செய்யப் போனால் உலகம் இப்படித்தான்.

ஷபீனா கிரைண்டரைத் தொடவில்லை. "இத எடுத்துகினு போங்க சார். அன்னிக்கு உங்க துண்டாலதான கைய சுத்துனீங்க? பிரஸ் பக்கத்துலதான சுத்துனீங்க? ஆபீசர் முன்னாடி வந்து அத மட்டும் சொல்லுங்க. மத்த யாரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. எங்களுக்கு வேற யாரும் இல்ல."

"என்னை ஏம்மா நடுவுல இழுக்கற? நான் ரெண்டு பேருக்கும் வேண்டியவன்."

நடுவிலேயே குடியிருப்பவரை எங்கிருந்து இழுப்பது?

விசாரணையன்று அவர் வரவில்லை. ஆனால் சும்மா இருந்துவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. அன்று காலை அசாரின் கை குணமாகக் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தார். நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டபோது மட்டும் கொஞ்சம் திணறினாராம். அதே நேரத்தில் ஆபீசர், பார்த்த சாட்சி இல்லாததால் ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ளதே நிற்கும் என்று சொல்லி மனுவைத் தள்ளினார். செய்தி கேட்டுக் கம்பெனியில் முதலில் கண்கலங்கியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வேறு யார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என்றாவது ஒருநாள் உங்களிடமும் ஒருத்தி வந்து, "நீங்க பாத்தீங்கல்ல?" என்று கேட்பாள். அப்போது "பார்த்தேன்" என்பது தொண்டையிலேயே நின்றுவிட்டு, "பாவம், ரொம்ப நல்ல பையன்" என்பது முந்திக்கொண்டு வெளியே வந்தால் கவலைப்படாதீர்கள். உங்களைப் பற்றியும் ஊரில் ஒருவரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள்.