ரெண்டு பெருசு

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. போயிருந்தது பெருசுக்குத்தான்; ஆனால் வேறு பெருசுக்கு.

விளம்பரக் கம்பெனியில் வரி எழுதுகிறவர் அவர். ஆபீசில் பட்டப்பெயர் ‘பூட்டு’. ‘சொந்தப் போனில் ஆபீஸ் வேலை பார்த்தால் அன்றே சீட்டுக் கிழியும்’ என்று அறிவிப்பு எழுதி ஒட்டிய புண்ணியவானே அவர்தான். எழுதிய கையோடு அதில் ஓட்டையையும் கண்டுபிடித்துவிட்டார்: பெண்டாட்டி போன் சொந்தப் போன் ஆகாதே! தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் ஆபீஸ் வேலை எல்லாம் அவள் போனில்தான்.

அவர் போனில் ‘பெருசு’ என்றால் முதலாளி. அவள் போனில் ‘பெருசு’ என்றால் அவளைப் பெற்ற அப்பா. இந்தச் சின்ன விஷயம் மட்டும் அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

இன்று மாலை மெத்தைக் கம்பெனி ஐயாவிடம் காட்டவேண்டிய ரகசிய வரி இப்போது மாமனாரிடம் இருந்தது: ‘படுத்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள்!’

பதறி அழித்தார். பதற்றத்தில் விரல் பட்டது ‘எனக்கு மட்டும் அழி’யில். இங்கே சுத்தமாகப் போய்விட்டது; அங்கே குத்துக்கல்லாட்டம் இருந்தது.

அவர் போன் அடித்தது.

"மாப்பிள்ளை, எம் பொண்ணு போன்லேருந்து எனக்குச் சாபம் வந்திருக்கு. நான் அப்படி என்ன பாவம் பண்ணிட்டேன்?"

"ஐயோ மாமா, அது உங்களுக்கு இல்ல, மெத்தைக்கு!"

"ஓகோ, மெத்தை வேற வாங்கி வச்சாச்சா?"

"மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், யாருக்கும் காட்டாதீங்க!"

"காட்டாம? நாலு பேர் நியாயம் சொல்லட்டும்னு குடும்ப குரூப்ல போட்டாச்சு."

குரூப்பில் சகலை இருக்கிறார். சகலைக்கு வேலை போட்டிக் கம்பெனியில். இதே மெத்தைக்காரரை இன்று அவரும் பார்க்கப்போகிறார். அதுவும் இவருக்கு முன்னால்.

அவசரமாகக் குரூப்பில் தட்டினார்: ‘அது சாபம் அல்ல. இன்று மெத்தைக் கம்பெனியில் காட்டவேண்டிய விளம்பர வரி. தயவுசெய்து வெளியே விடவேண்டாம்.’

அதுவரை ஏதோ வீட்டுச் சண்டை என்று சும்மா இருந்த சகலை, உடனே ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"அடேய் பூட்டு! திருடனுக்கு வீட்டைத் திறந்துவிட்டது பத்தாதுன்னு லைட்டையும் போட்டு விடுறியே!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

குளித்துவிட்டு வந்த மனைவி போனைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"எங்கப்பாவையா எழுந்திருக்க மாட்டார்ங்கிறீங்க?"

"பெத்த அப்பாவை யாராவது ‘பெருசு’ன்னு போட்டு வைப்பாங்களா?"

"எங்கப்பா, எம் போன். உங்களுக்கு அங்க என்ன வேலை?"



மாலை, டாக்சியில் போகும்போது வேறு வரி யோசித்தார். பயத்தில் என்ன வரும்? ‘நன்றாகத் தூங்குங்கள், நன்றாக எழுந்திருங்கள்.’

மெத்தைக் கம்பெனி வரவேற்பறையில் அவருடைய முதலாளி அதை வாசித்து முகத்தைச் சுளித்தார்.

"பிரமாதமா ஒண்ணு இருக்குன்னீங்களே?"

"அது... சரிப்படல சார்."

"இது டாக்டர் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கு. இந்த விளம்பரம் கைவிட்டுப் போச்சுன்னா, நீங்களும் அப்படியே வீட்டுக்குப் போயிடுங்க."

உள்கதவு திறந்தது. சகலை வந்தார். இவரைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். திருடின வரி ஜெயித்துவிட்டது, முகத்தைப் பார்க்கக் கூசுகிறது என்று பூட்டு முடிவுகட்டினார். இனி மறைத்து என்ன?

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்..."

அதற்குள் வரவேற்புப் பெண் கிசுகிசுத்தாள்: "உள்ள கொஞ்சம் பார்த்துப் பேசுங்க சார், ஐயா நெஞ்சுவலியில படுத்து இன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து எழுந்து வந்திருக்காரு, இப்பப் போனவரு அவர் மூஞ்சிக்கு நேரா ‘படுத்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள்’னு சொல்லிட்டாரு!"